டவுன்லோடு இடத்தை மாற்றும்போது பழைய பக்கத்தை என்ன செய்வது?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறோம். டவுன்லோடு கோப்புகள் ஒரு இலவச ஹோஸ்டிங் தளத்தில் இருக்கின்றன. வேறு இடத்துக்கு மாற்றப்போகிறோம். பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிடலாமா?"

விடாதீர்கள். கோப்புகளை நகர்த்துவது சின்ன வேலை. பழைய முகவரியில்தான் ஆபத்து இருக்கிறது.

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப் திட்டத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதன் விண்டோஸ் இன்ஸ்டாலர் பல வருடங்கள் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற இலவச ஹோஸ்டிங் தளத்தில் இருந்தது. டவுன்லோடு பட்டன் மாதிரியே தெரியும் விளம்பரங்கள் அந்தப் பக்கங்களில் வர ஆரம்பித்தன. 2013இல், வேறு மென்பொருள்களையும் சேர்த்துத் தள்ளிவிடும் ஒரு இன்ஸ்டாலரை அந்தத் தளம் கொண்டுவந்தது. கிம்ப் குழுவினர் அந்த நவம்பரிலேயே வெளியேறி, கோப்புகளைத் தங்கள் சொந்த டவுன்லோடு சர்வருக்குக் கொண்டுபோனார்கள். சரியான முடிவுதான். ஆனால் பழைய பக்கம் அங்கேயே இருந்தது. 2015 மே மாதம், 'இது கைவிடப்பட்ட திட்டம்' என்று சொல்லி சோர்ஸ்ஃபோர்ஜே அந்தப் பக்கத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, விளம்பர இன்ஸ்டாலருக்குள் கிம்ப்பை வைத்துக் கொடுத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். 2016இல் தளம் கைமாறியது, புதிய உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஆனால் இடையில் அதைத் தரவிறக்கியவர் என்ன நினைத்திருப்பார்? கிம்ப்தான் தன் கணினியைக் கெடுத்தது என்று நினைத்திருப்பார். இலவசமாக உழைத்தவர்களுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

அதனால் பழைய பக்கத்தில், 'இங்கே இனி வெளியீடு இல்லை, புதிய இடம் இது' என்று மேலேயே தெளிவாக எழுதுங்கள். கணக்கை மூடாதீர்கள். அவ்வப்போது உள்ளே போய்ப் பாருங்கள்.

அப்புறம், புதிய இடத்தின் முகவரியை நேரடியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்த டொமைனில் (இணைய முகவரியில்) டவுன்லோடுக்கென்று ஒரு துணை டொமைன் வைத்து, அங்கே வருபவர்கள் தானாகவே புதிய இடத்துக்குப் போகும்படி ரீடைரக்ட் செய்யுங்கள். ஏனென்றால் புதிய இடமும் நிரந்தரம் இல்லை. பின்ட்ரே என்ற மென்பொருள் ஹோஸ்டிங் சேவையை மூடப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தார்கள், மே 1 அன்று மூடிவிட்டார்கள். மூன்று மாதம்கூடக் கிடைக்கவில்லை. மேக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ மாதிரி பெரிய திட்டமே அவசரமாகத் தன் தொகுப்புகளை, கோடு வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு மாற்ற வேண்டி வந்தது. லிங்க் உங்கள் டொமைனில் இருந்தால், பின்னால் எதை மாற்றினாலும் பயனருக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொன்று, பழைய வெளியீடுகளை மாற்றும்போது திரும்ப ஜிப் செய்யாதீர்கள். ஒரு பைட்கூட மாறாமல் நகலெடுங்கள். ஹோம்ப்ரூவும், விண்டோஸில் அதே வேலையைச் செய்யும் சாக்லேட்டி, விங்கெட்டும் உங்கள் கோப்பின் செக்சத்தை, அதாவது ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்ணை, குறித்து வைத்திருக்கின்றன. 2023 ஜனவரி கடைசியில் கிட்ஹப், தானே உருவாக்கித் தரும் சோர்ஸ் தொகுப்புகளைச் சுருக்கும் முறையை மாற்றியது. உள்ளே இருந்த கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் செக்சம் மாறியதால் பல இடங்களில் பில்ட், அதாவது கோடிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை, நின்றது. உடனே பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

செக்சத்தைக் கோப்பு இருக்கும் அதே சர்வரில் மட்டும் வைத்தால் போதாது. சர்வருக்குள் நுழைபவர் இரண்டையும் மாற்றிவிடுவார். கோப்பு உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பமும் போடுங்கள், அதன் ரகசியச் சாவி சர்வரில் இருக்கக் கூடாது.

எங்கே மாற்றலாம் என்றால், சின்னக் குழுவுக்கு கிட்ஹப்பில் வெளியீடுகளை வைக்கும் பகுதியான 'ரிலீசஸ்' போதும். ஒரு கோப்பு 2 ஜிபிக்குள் இருந்தால் சரி.

இதையெல்லாம் தொடங்கும் முன், பழைய தளத்தின் கடவுச்சொல் உங்களில் யாரிடம் இருக்கிறது, அந்தக் கணக்கின் மின்னஞ்சல் இன்னும் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சரி, அடுத்த கேள்வி.