வாலில் ஃபிஷ் ஒட்டிய பெயர்கள்

(நீரோடி, பொழியூர் எல்லைப் பகுதிப் படிப்பகம் ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு வணக்கம். மக்களே, கடல் உயிர்களின் ஆங்கிலப் பெயர்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறீர்களாம். நல்லதுதான். ஆனால் வாலில் ‘ஃபிஷ்’ ஒட்டியதையெல்லாம் மீன் கணக்கில் சேர்த்தால் பரீட்சையில் மார்க் போகும்.

ஜெல்லிஃபிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் சொறி என்பார்கள். பட்டவனுக்குத் தெரியும் அந்தப் பெயரின் நியாயம். அதற்கு எலும்பில்லை, மூளையில்லை, இதயமும் இல்லை. செத்துக் கரை ஒதுங்கியது கூடக் கொட்டும், மிதித்து விளையாடாதீர்கள். ஸ்டார்ஃபிஷ்ஷுக்கு ரத்தமே கிடையாது. கடல்நீரை உடம்புக்குள் குழாய்களில் ஓட்டி, அந்த அழுத்தத்தில்தான் நகர்கிறது.

என்னைக் கேட்டால் இந்தக் கூட்டத்தில் ராஜா கட்டில்ஃபிஷ்தான். நம்முடைய ஓட்டுக்கணவாய். இதற்குச் செவுள் உண்டு, உடம்போரத்தில் துடுப்பும் உண்டு. அப்புறம் ஏன் மீன் இல்லை? முதுகெலும்பு கிடையாது. நத்தைக்கும் சிப்பிக்கும் சொந்தக்காரன். வீட்டில் கணவாய் அறுக்கும்போது பார்த்திருப்பீர்கள், முதுகுத் தோலுக்கடியில் வெள்ளையாக ஓர் ஓடு இருக்கும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். கிளிக்கூண்டில் மாட்டுவார்களே, அதேதான். அதற்குள் அடுக்கடுக்காகச் சின்னஞ்சிறு அறைகள். அவற்றில் இருக்கும் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் தன் மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. இதயம் மூன்று: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று மற்ற உடம்புக்கு. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் இருப்பதால் நிறம் நீலம். அது பீய்ச்சும் மையைத் தொட்டு ஐரோப்பாவில் எழுதினார்கள், படம் வரைந்தார்கள். பழைய போட்டோவின் பழுப்பை செபியா என்கிறோமே, அது கணவாயின் லத்தீன் பெயர்.

ஸ்க்விட் வேறு. நமக்கு ஊசிக்கணவாய், பொழியூர்க்காரர்களுக்குக் கூந்தல். உள்ளே ஓடு இருக்காது. பிளாஸ்டிக் துண்டு மாதிரி தெளிவாக ஒரு மெல்லிய தகடு உருவி வரும். இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டு ஏற்றுமதிக்காரரிடம் பில் எழுதிப் பாருங்கள், திட்டு விழும்.

சரி, தலைகீழாகவும் ஒரு கூத்து இருக்கிறது. சீ ஹார்ஸ், அதாவது கடல்குதிரை, பெயரில் குதிரை. ஆனால் அசல் மீன். அதில் ஆண்தான் பையில் முட்டை சுமந்து குஞ்சு பொரிக்கும்.

வேல் ஷார்க்கில் திமிங்கிலமும் சுறாவும் சேர்ந்தே வருகின்றன. எது? வாலைப் பாருங்கள். திமிங்கிலம் வாலை மேலும் கீழும் அடிக்கும், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இதுவோ வாலைப் பக்கவாட்டில் வீசும், செவுளால் மூச்சுவிடும். ஆக, சுறா, உலகத்திலேயே பெரிய மீன். 12 மீட்டரைத் தாண்டியும் வளரும், ஆனால் தின்பது பெரும்பாலும் மிதக்கும் நுண்ணுயிர்களையும் பொடி மீன்களையும்தான். ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போன தூத்தூர்க்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: வேல் ஷார்க், கடல்குதிரை, கடலட்டை மூன்றும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. வலையில் சிக்கினால், வலையை அறுத்தாவது விட்டுவிடச் சொல்லுங்கள் அப்பாவிடம்.