முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

2023 அக்டோபர் 8, சிகாகோ மாரத்தான். கென்யாவின் கெல்வின் கிப்டம் 30 கிலோமீட்டர் பலகையைத் தாண்டுகிறார். பக்கத்தில் டேனியல் மடேய்கோ ஒருவர்தான் மிச்சம். அங்கிருந்து 35-வது கிலோமீட்டர் வரைக்கும் கிப்டம் எடுத்துக்கொண்ட நேரம் 13 நிமிடம் 51 வினாடி. அதாவது கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 46 வினாடி. அதற்குள் மடேய்கோ பின்தங்கிவிட்டார். கிப்டம் 2 மணி 35 வினாடியில் கோட்டைத் தொட்டார். அது அன்றைக்கு உலக சாதனை. முதல் பாதி 60 நிமிடம் 48 வினாடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 வினாடி.

மாரத்தான் செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்பது மொத்த நேரத்தைத்தான். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இரண்டு பாதிகளையும் தனித்தனியாக. அதிலும் 30 கிலோமீட்டருக்குப் பிறகு வரும் ஒவ்வொரு 5 கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும். ஓட்டக்காரர்கள் இதை ஸ்பிளிட் என்பார்கள். ஒருவர் எப்படி ஓடினார் என்பது அதில்தான் தெரியும்.

ஏன் 30? நம் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. நன்றாகப் பயிற்சி எடுத்து, போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டவருக்கு அது சுமார் 400 முதல் 500 கிராம், கிட்டத்தட்ட 2000 கலோரி. ஓடுவதற்கு ஆகும் செலவு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓட 2500 கலோரிக்கு மேல் வேண்டும். துண்டு விழுகிறது, பாருங்கள். உடலில் கொழுப்பு தாராளமாக இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூட, உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே அதிகம் கேட்கும். முதல் 10 கிலோமீட்டரில் கிலோமீட்டருக்குப் பத்து வினாடி வேகமாகப் போனவர் அந்தப் பத்து வினாடிகளைச் சேமித்து வைத்ததாக நினைத்துக்கொள்வார். உண்மையில் 35-வது கிலோமீட்டரில் தேவைப்படும் எரிபொருளை அங்கேயே கொட்டிவிட்டார். அதற்கான தண்டம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம். ஓட்டக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'வால்', சுவர். கால் நகரும், ஆனால் சொன்னபடி கேட்காது.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரிக்கு இதுதான் நடந்தது. 26 மைல் 385 கெஜம், அதாவது இன்றைய 42.195 கிலோமீட்டர் என்ற தூரம் முதன்முதலில் ஓடப்பட்டது அந்தப் போட்டியில்தான். 1921-ல் அதுவே நிலையான அளவானது. பியெட்ரி பந்தயத்தின் கடைசிப் பகுதியில் வேகத்தைக் கூட்டி, முன்னால் ஓடியவரைப் பிடித்து, முதல் ஆளாக அரங்கத்துக்குள் வந்தார். வந்தவர் தவறான பக்கம் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசிச் சில நூறு மீட்டருக்கு அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அதிகாரிகள் தூக்கி நிறுத்தி உதவியதால் தகுதி நீக்கம் ஆனது. தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது. 1954-ல் வான்கூவரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் சுமார் 17 நிமிடம் முன்னிலையோடு அரங்கத்துக்குள் வந்தார். நல்ல வெயில் நாள் அது. அவரும் திரும்பத் திரும்ப விழுந்தார், பந்தயத்தை முடிக்கவே இல்லை. அதன் பிறகு அவர் போட்டிகளில் ஓடவில்லை. அன்றைய உலகின் மிக வேகமான மாரத்தான் ஓட்டக்காரர் அவர்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

அதே பீட்டர்ஸ் இன்னொரு கதையிலும் வருகிறார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக் ஜூலை 20 அன்று 10,000 மீட்டரிலும், 24 அன்று 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றுவிட்டு, 27 அன்று மாரத்தானுக்கு வந்து நின்றார். வாழ்க்கையில் அதுவரை ஒரு மாரத்தான்கூட ஓடியதில்லை. அதனால் எளிமையான ஒரு வழி எடுத்தார்: உலகிலேயே வேகமானவர் பீட்டர்ஸ், அவர் பக்கத்திலேயே ஓடிவிடுவோம். பீட்டர்ஸ் முதல் 10 கிலோமீட்டரை 32 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். பாதி தூரத்துக்கு முன்பே ஸாடோபெக் அவரிடம், இந்த வேகம் போதுமா என்று கேட்டார். போதாது, மெதுவாகத்தான் போகிறோம் என்று பதில் வந்தது. ஸாடோபெக் அதை நம்பி முன்னேறிவிட்டார். பீட்டர்ஸ் பிடிப்பு ஏற்பட்டு 32 கிலோமீட்டர் வாக்கில் விலகினார். ஸாடோபெக் 2 மணி 23 நிமிடம் 3 வினாடியில் வென்றார், இரண்டாம் ஆளை விட இரண்டரை நிமிடம் முன்னால். ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்றவர் அவர்தான். 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப, நடுவில் மெதுவோட்டத்தை மட்டுமே ஓய்வாக வைத்து ஓடுவது அவருடைய பயிற்சி. களைத்த காலோடு வேகத்தைப் பிடிப்பதே அந்தப் பயிற்சியின் சாரம். முதல் மாரத்தான் அவரைக் கவிழ்க்காததற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் வெறுங்காலைச் சொல்வார்கள். உண்மைதான், 1960 ரோமில் செருப்பும் ஷூவும் இல்லாமல்தான் ஓடினார். கொடுக்கப்பட்ட ஷூ காலுக்குச் சேரவில்லை, வெறுங்காலில் அவருக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. ஆனால் அவர் எந்த இடத்தில் வேகம் எடுத்தார் என்று பாருங்கள். அந்தப் பந்தயம் மாலையில் தொடங்கி, இருட்டிய பிறகு, ராணுவ வீரர்கள் பிடித்த தீப்பந்த வெளிச்சத்தில் ஆப்பியன் சாலை வழியாக வந்தது. முடிவு அரங்கத்தில் இல்லை, கான்ஸ்டன்டைன் வளைவில். அதற்குச் சற்று முன்னால், இத்தாலியப் படை எத்தியோப்பியாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அக்சும் தூண் நின்றது. பிகிலாவும் மொராக்கோவின் ராதியும் அதுவரை ஒட்டியே வந்தார்கள். அந்தத் தூணருகே பிகிலா விடுபட்டார். 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. 25 வினாடி வித்தியாசம். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில், குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட முழுதாக ஆகாத நிலையில், இந்த முறை ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் வென்றார். கோட்டைத் தாண்டியதும் புல்தரையில் உடற்பயிற்சி செய்துகாட்டினார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டு முறை வென்ற முதல் மனிதர்.

பெண்களுக்கு இந்தப் பந்தயம் கிடைப்பதற்கு ரொம்ப காலம் ஆனது. பாஸ்டன் மாரத்தானில் 1966-ல் பாபி கிப் பதிவு எண் இல்லாமல் ஓடினார். 1967-ல் கேத்ரின் ஸ்விட்சர் எண்ணோடு ஓடியபோது அவரைப் பாதையிலிருந்து இழுக்கப் பார்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல்தான். அந்த முதல் பந்தயத்தை வென்ற ஜோன் பெனாய்ட்டுக்கு அமெரிக்கத் தகுதிப் போட்டிக்கு 17 நாள் முன்பு முழங்காலில் அறுவை. லாஸ் ஏஞ்சல்ஸில் 5 கிலோமீட்டர் வாக்கிலேயே கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய்விட்டார். நியூயார்க் மாரத்தானை மொத்தம் ஒன்பது முறை வென்ற நார்வேயின் கிரேட் வெய்ட்ஸ் அந்தக் கூட்டத்தில் இருந்தார். யாரும் துரத்தவில்லை. அவ்வளவு சீக்கிரம் போனவர் தானாகத் திரும்பிவிடுவார் என்ற கணக்கு. பெனாய்ட் திரும்பவில்லை. 2 மணி 24 நிமிடம் 52 வினாடி. வெய்ட்ஸ் ஒன்றரை நிமிடம் பின்னால். பெனாய்ட் தன் வழக்கமான வேகத்தைத்தான் ஓடினார். மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து மெதுவாகப் போனதால் அது தாக்குதல் போலத் தெரிந்தது.

சீராக ஓடுவதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டுச் சொல்லச் சொன்னால், 2003 லண்டனில் பாலா ராட்கிளிஃபைச் சொல்வேன். முதல் பாதி 68 நிமிடம் 2 வினாடி, இரண்டாவது 67 நிமிடம் 23 வினாடி. மொத்தம் 2 மணி 15 நிமிடம் 25 வினாடி. 16 ஆண்டுகள் அந்த நேரத்தை எந்தப் பெண்ணும் தொடவில்லை. 2019-ல் பிரிஜிட் கோஸ்கெய் 2 மணி 14 நிமிடம் 4 வினாடி, 2023-ல் டிக்ஸ்ட் அசெஃபா பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 வினாடி. நடுவே ஷூ மாறிவிட்டது: தடித்த, துள்ளும் நுரை, நடுவில் கார்பன் தகடு. இப்போது விதிப்படி அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, தகடும் ஒன்றுதான். ராட்கிளிஃப் ஓடியது பழைய மெல்லிய ஷூவில்.

சாதனை என்று பதிவாவதற்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்கோட்டு இடைவெளி மொத்தத் தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இறக்கம் கிலோமீட்டருக்கு 1 மீட்டர், அதாவது மொத்தம் 42 மீட்டருக்கு மேல் ஆகாது. 2011-ல் ஜெஃப்ரி முட்டாய் பாஸ்டனில் 2 மணி 3 நிமிடம் 2 வினாடி ஓடினார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஆனால் பாஸ்டன் பாதை ஒரே திசையில் போய் நன்றாக இறங்குகிறது, அன்று பின்காற்றும் இருந்தது. சாதனைப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் ஓடிய 1 மணி 59 நிமிடம் 40 வினாடியும் அப்படித்தான். வேகம் குறையாமல் இருக்கக் கூடவே ஓடி உதவும் பேஸர்கள் 41 பேர் மாறி மாறி உள்ளே வந்தார்கள். தண்ணீர் ஓடும்போதே கைக்கு வந்தது. முன்னால் போன வண்டி சாலையில் லேசர் கோடு போட்டது.

கிப்சோகேயின் சிறந்த ஓட்டம் வியன்னாவும் இல்லை, 2022-ல் பெர்லினில் அவர் ஓடிய 2 மணி 1 நிமிடம் 9 வினாடியும் இல்லை. அந்தப் பெர்லினில் முதல் பாதி 59 நிமிடம் 51 வினாடி; இரண்டாம் பாதி 61 நிமிடம் 18 வினாடி. முதலில் கொஞ்சம் அதிகம் செலவாகிவிட்டது. 2018 பெர்லினைப் பாருங்கள்: கடைசிப் பேஸரும் 25-வது கிலோமீட்டரில் விலகிவிட, மீதி 17 கிலோமீட்டரைத் தனியாக ஓடி, முதல் பாதி 61 நிமிடம் 6 வினாடி, இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 வினாடி. பழைய சாதனையிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. முன்னால் காற்றைத் தடுக்க ஆள் இல்லாமல் இரண்டாம் பாதியை வேகமாக ஓடுவது எவ்வளவு கடினம் என்பதை, காற்றுக்கு எதிரே தனியாக ஓடிப் பார்த்த எவரும் அறிவார்கள்.

இந்தக் கணக்கு நான்கு மணி நேரத்தில் ஓடுபவருக்கும் பொருந்தும். நான்கு மணி என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி. 10 கிலோமீட்டரில் 56 நிமிடம் 53 வினாடி, பாதியில் 2 மணி, 30 கிலோமீட்டரில் 2 மணி 50 நிமிடம் 38 வினாடி. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். வளைவுகளில் வெளிப்பக்கமாகப் போய், கூட்டத்தில் விலகி விலகி ஓடினால் அது 42.6, 42.7 என்று காட்டும். பெரிய போட்டிகளில் சாலையில் வரைந்திருக்கும் நீலக்கோடு அளக்கப்பட்ட மிகக் குறுகிய வழி. முதல் 3 கிலோமீட்டரில் ஐந்து முதல் பத்து வினாடி மெதுவாகப் போனால் நஷ்டமே இல்லை.

சாப்பாடும் அப்படியே. ஓடும்போது பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழான ஒரு ஜெல்லில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். மணிக்கு 60 கிராம் உள்ளே போக வேண்டுமென்றால் 25 நிமிடத்துக்கு ஒன்று. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் வாக்கில்தான் எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸும் கலந்திருந்தால் 90 வரை போகலாம். முதல் ஜெல் அரை மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும், களைப்பு தெரியும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். ஜெல்லோடு வெறும் தண்ணீர் குடியுங்கள். அதன் மேலேயே இனிப்புப் பானத்தைக் குடித்தால் வயிற்றில் சர்க்கரை அடர்த்தி கூடி, குமட்டல் வரும். லாங் ரன்னில், அதாவது பயிற்சியின் நீண்ட ஓட்டத்தில், பழக்காத எதையும் போட்டி நாளில் வாயில் வைக்கக் கூடாது. முன்னணி வீரர்களின் பெயரெழுதிய பாட்டில்கள் 5 கிலோமீட்டருக்கு ஒரு மேசையில் நிற்கும், அந்தப் பாட்டிலைத் தவறவிட்டதால் பின்தங்கியவர்கள் உண்டு.

ஷூவும் காலை வாரும். 2015 பெர்லினில் கிப்சோகேயின் இரண்டு ஷூவிலும் உள் அட்டை நழுவி, கணுக்காலருகே இறகு போல வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. அவர் நிற்கவில்லை, 2 மணி 4 நிமிடத்தில் வென்றார்.

அதே மனிதர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் நின்றுவிட்டார். ரியோவில் தங்கம், அடுத்து, சப்போரோ நகரில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லோரையும் கழற்றிவிட்டு 80 வினாடி வித்தியாசத்தில் தங்கம். பாரிஸின் செங்குத்தான மேடுகளில் முதுகு ஒத்துழைக்கவில்லை. சாலையோரம் நின்றவர்களுக்குத் தன் சட்டையையும் ஷூவையும் கொடுத்துவிட்டு விலகினார். அன்று வென்ற எத்தியோப்பியாவின் டமிராட் டோலா அணிக்கு மாற்று ஆளாக வந்தவர். 2 மணி 6 நிமிடம் 26 வினாடி, ஒலிம்பிக் சாதனை.

மறுநாள் காலை பெண்கள் பந்தயம். நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் அதற்குள் 5,000 மீட்டரில் தகுதிச் சுற்றும் இறுதியும், 10,000 மீட்டர் இறுதியும் ஓடி, இரண்டு வெண்கலம் வாங்கியிருந்தார். 10,000 மீட்டர் முடிந்து இரண்டு நாள்கூட முழுதாகப் போகவில்லை. முன்னணிக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டே கடைசிவரை வந்தார். இறுதிச் சில நூறு மீட்டரில் அவரும் டிக்ஸ்ட் அசெஃபாவும் மட்டும். வளைவில் ஹசன் உள்பக்கமாக நுழைய, முழங்கைகள் உரசின. 42 கிலோமீட்டருக்குப் பிறகு அது 200 மீட்டர் ஓட்டம் போல ஆனது. ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 வினாடி. அசெஃபா 3 வினாடி பின்னால்.

நன்றி. வணக்கம்.