காற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன்பிடிக் கப்பல்களில் எஞ்சின் வேலைக்காக நான் ஐந்து மாதம் ஃபாக்லாந்து தீவுகளில் இருந்தேன். தென் அமெரிக்காவின் முனைக்குக் கிழக்கே, தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. மொத்த ஜனத்தொகையே நாலாயிரத்துக்குள்தான். அதில் பெரும்பாலோர் ஸ்டான்லி என்ற ஒரே ஊரில் இருக்கிறார்கள். நான் அங்கே போன இரண்டாவது வாரம், என்னோடு வேலை பார்த்தவர் கேட்டார்: "சனிக்கிழமை ஓட வருகிறாயா?"

பார்க்ரன் என்று உலகின் பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் ஓட்டம் இது. ஐந்து கிலோமீட்டர். கட்டணம் கிடையாது. ஒருமுறை பதிவு செய்து வாங்கிய பார்கோடு எந்த நாட்டிலும் செல்லும். ஓடலாம், நடக்கலாம், பேசிக்கொண்டே போகலாம். ஸ்டான்லிக்குக் கிழக்கே, ஊர் விமான நிலையம் இருக்கும் பெம்புரோக் முனையில் இதை நடத்துகிறார்கள். உலகில் பார்க்ரன் நடக்கும் இடங்களில் தென்கோடி இதுதான்.

அந்த முனையில் ஒரு மரம் கிடையாது. தீவுகளுக்கென்று சொந்த மரமே இல்லை, புல்லும் புதரும்தான். நுனியில் கறுப்பு வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1855-இல் வார்ப்பிரும்பால் எழுப்பி, 1906-இல் திரும்பக் கட்டியது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதனால் விளக்கை நோக்கிப் போகும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். மேற்கே திரும்பினால் அதே காற்று முகத்தில் அறையும், மூச்சு வாங்கவே தலையைச் சாய்க்க வேண்டும். ஒரே ஓட்டத்துக்குள் வெயில், தூறல், மறுபடி வெயில் எல்லாம் பார்த்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு பள்ளத்தில் கால் வைத்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அடுத்த வாரம் அறையிலேயே இருந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு ஓட்டத்தை நடத்திய பெண்மணி விடவில்லை. "காலுக்குத்தானே அடி, கை நன்றாகத்தானே இருக்கிறது" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்துவிட்டார்.

சும்மா நிற்கிற வேலைதானே என்று நினைத்தேன். அந்தக் காற்றில் நாற்பது ஐம்பது நிமிடம் நிற்பது ஓடுவதைவிடக் கஷ்டம். ஒருவர் கோட்டைத் தாண்டும்போது ஒரு அழுத்து. உறை போட்ட விரலுக்குப் பொத்தான் அகப்படாது, உறையைக் கழற்றினால் விரல் விறைக்கும். எனக்கு அடுத்து நிற்பவர் எத்தனையாவதாக முடித்தார்கள் என்ற எண் போட்ட டோக்கன் கொடுப்பார், அவருக்கு அடுத்தவர் பார்கோடு பார்ப்பார். அன்று வந்தவர்கள் மொத்தம் பதினெட்டுப் பேர், ஓடியவர்கள் பதின்மூன்று பேர். பெரிய ஊரில் ஐந்து பேர் ஓடாமல் நிற்பது யார் கண்ணிலும் படாது. அங்கே அந்த ஐந்து பேர் இல்லாவிட்டால் ஓட்டமே இல்லை.

பதின்மூன்று என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பார்க்ரன் தொடங்கியது லண்டனின் புஷி பூங்காவில், 2004 அக்டோபர் 2-ஆம் தேதி. அன்று ஓடியவர்களும் பதின்மூன்று பேர்தான். தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தார். ஓட முடியாவிட்டாலும் நண்பர்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதற்காகவே நேரம் குறிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் டோக்கன்கள் என்னவென்று நினைக்கிறீர்கள்? எண் பொறித்த வாஷர்கள். எஞ்சின் வேலைக்காரன் எனக்கு இதைக் கேட்டதும் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த முனைக்குப் பக்கத்தில் யார்க் விரிகுடா என்ற வெண்மணல் கடற்கரை இருக்கிறது. 1982-இல் இந்தத் தீவுகளுக்காக பிரிட்டனோடு நடந்த போரில் அர்ஜென்டினப் படையினர் அங்கே கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். அதன் பிறகு 38 ஆண்டுகள் மக்கள் அந்த மணலில் இறங்க முடியவில்லை. பென்குயின்கள் மட்டும் நடமாடின, வெடி வெடிக்குமளவு அவற்றுக்கு எடை இல்லை. 2009-இல் தொடங்கிய வெடி அகற்றும் வேலை 2020 நவம்பரில் முடிந்தது. குளிரிலும் காற்றிலும் மண்டியிட்டு அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஜிம்பாப்வே நாட்டவர்கள். சிலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

என் கடைசி சனிக்கிழமை ஓட்டத்தில் நான் டெயில் வாக்கர். எல்லாருக்கும் பின்னால் நடந்து வருகிறவர். அவர் வருவதால் வேறு யாரும் கடைசியாக முடிக்க வேண்டியதில்லை. அன்று எனக்கு முன்னால் நடந்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. ஸ்டான்லிக்கு வெளியே உள்ள கிராமப்புறத்தை அங்கே 'கேம்ப்' என்பார்கள், அங்கிருந்து வந்திருந்தார். யார்க் விரிகுடாப் பக்கம் கை காட்டி, போருக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அந்த மணலில் சாப்பாட்டுக் கூடையைப் பிரித்ததைச் சொன்னார். இப்போது பேரப் பிள்ளைகளை அழைத்துப் போகிறாராம். நின்று நின்று பேசினார், நானும் நின்றேன். அப்புறம் ஸ்மோக்கோவுக்குக் கேக் செய்து கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி நடையைக் கூட்டினார். முற்பகல் தேநீருக்கு அங்கே அதுதான் பெயர்.

நாங்கள் வந்து சேரும்போது மற்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். அன்று ஸ்டாப்வாட்ச் ஒரு பள்ளிக்கூடப் பையன் கையில். விரல் விறைத்துப்போய், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அந்த அம்மாவுக்கு ஒருமுறை, எனக்கு ஒருமுறை அழுத்தினான்.