மாநகராட்சி அடுப்பும் பக்கத்து வயலும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

சென்னை மாநகராட்சி நாள்தோறும் மூட்டும் அடுப்புகளைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் காலையில் இட்லியும் பொங்கலும், மதியம் சாம்பார் சாதமும் தயாராகின்றன. மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின்கீழ் பிள்ளைகளுக்கு உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ காய்கறிச் சாம்பாருடன் பரிமாறப்படுகிறது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இந்த மாநகராட்சிக்குப் புதிதன்று. சர் பிட்டி தியாகராயர் அதன் தலைவராக இருந்த 1920-ஆம் ஆண்டிலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கப்பட்டது. அந்த உணவுக்கான காய்கறி யாருடைய வயலிலிருந்து வரவேண்டும் என்பதைத்தான் நூறாண்டு கடந்தும் நாம் முடிவு செய்யாமல் இருக்கிறோம். அதைப் பக்கத்து மாவட்டச் சிறு உழவர்களிடம் மாநகராட்சி நேரடியாக வாங்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு உழவர்களில் 100-க்கு 93 பேர் சிறு, குறு உழவர்கள். ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. திருவள்ளூர் மாவட்டத்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்தில் அத்தகைய நிலத்தில் கீரை போடும் ஒரு குடும்பத்தின் ஒரு நாளைப் பாருங்கள். விதைத்து ஏறத்தாழ இருபத்தைந்து நாளில் சிறுகீரை பறிப்புக்கு வந்துவிடும். அதற்குமேல் விட்டால் தண்டு முற்றிவிடும். பிற்பகலில் வேரோடு பிடுங்கி, பம்புசெட் தொட்டியில் மண் போக அலசி, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கால் மூடி, இரவு வண்டியில் ஏற்றிக் கோயம்பேட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன விலை போயிற்று என்பது விற்ற பிறகுதான் தெரியும். வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, தரகு ஆகியவை போக மிஞ்சுவதுதான் வருமானம். விலை சரிந்திருக்கும் நாட்களில், பறிகூலிக்கே கட்டாது என்று விளைந்த கீரையை அப்படியே மடக்கி உழுதுவிடுவதும் உண்டு. அதே வாரத்தில், முப்பது நாற்பது கிலோமீட்டர் தொலைவில், மாநகராட்சியின் சமையற்கூடத்திற்கு யாரோ ஓர் ஒப்பந்ததாரர் காய்கறி இறக்கிக்கொண்டிருப்பார்.

மண்டிக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தருபவர் அவர்தான்; சரக்கு விற்றவுடன் கையில் காசு தருபவரும் அவர்தான். அரசு நேரடியாக வாங்க முன்வந்தாலும் உழவர் தயங்குவதற்குக் காரணம் இதுவே: சரக்குக்கான பில்லைக் கொடுத்துவிட்டு, அது மேசை மேசையாக நகர்ந்து காசோலையாக மாறும் வரை காத்திருக்க, அடுத்த போகத்திற்குக் கடன் வாங்கி விதைப்பவரால் இயலாது. ஆகவே, உள்ளூர்க் கொள்முதல் பற்றிய எந்தத் திட்டத்திலும் நான் முதலில் தேடும் வரி, பணம் எத்தனை நாளில் உழவரின் வங்கிக் கணக்கில் சேரும் என்பதே. சரக்கு வந்து சேர்ந்த ஏழு நாட்களுக்குள் பணம் என்று எழுதி, அதற்கென ஒரு சுழல்நிதியை மாநகராட்சி தனியே ஒதுக்கி வைக்காவிட்டால், ஏனைய நல்ல நோக்கங்கள் எல்லாம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

அடுத்தது ஒப்பந்தப்புள்ளி. அரசுக் கொள்முதலில் ஊழலைத் தடுக்க நமக்கு 1998-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது, அது வேண்டியதுதான். ஆனால் நகரம் முழுவதற்கும், எல்லாக் காய்கறிக்கும், ஆண்டு முழுமைக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் என்று கேட்டு, ஒப்பந்தம் கேட்பவர் முன்கூட்டியே கட்டவேண்டிய பெரும் முன்வைப்புத் தொகையும் பெரும் விற்றுமுதலும் தகுதியாக வைத்தால், உழவர்களே கூடி நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. கீரையைத் தனியாகவும், கத்தரி, வெண்டை, முள்ளங்கியைத் தனியாகவும், மண்டலவாரியாகப் பிரித்துக் கேட்பதற்கு என்ன தடை? மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் ஆணை வகுத்தது. இப்போது அந்தப் பங்கு 25 விழுக்காடு, முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் உண்டு. தொழிற்கூடத்துக்குத் தகும் சலுகை வயலுக்கும் தகும். பிரேசில் நாடு 2009-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: பள்ளி உணவுக்கு மத்திய அரசு அளிக்கும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப உழவர்களிடம் நேரடியாக வாங்க வேண்டும் என்று அது அப்போது விதித்தது; உள்ளூர்ச் சந்தை விலைக்கு ஒத்த விலையாக இருந்தால், வழக்கமான ஏலமுறை இல்லாமலேயே வாங்கலாம். விலையைப் பொதுவில் அறிவித்து வாங்கும்போது ஒளிவுமறைவுக்கும் இடமில்லை.

சென்னைக்கு வேண்டிய அனைத்தையும் அண்டை மாவட்டங்களே விளைவித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெங்காயம் மகாராட்டிரத்திலிருந்தும், தக்காளியில் பெரும்பகுதி மதனப்பள்ளி, கோலார் பக்கங்களிலிருந்தும் வரத்தான் செய்யும். வடகிழக்குப் பருவமழையின்போது திருவள்ளூர் வயல்களில் நீர் நின்றால் கீரை அழுகிவிடும் என்பதும் உண்மை. அதற்கேற்ப உணவுப் பட்டியலை வகுக்க வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் பூசணி, சேனை, வாழைக்காய் என வைத்திருந்து சமைக்கக்கூடியவை, தை பிறந்து மழை ஓய்ந்ததும் கீரையும் வெண்டையும். காலை உணவுத் திட்டம் வகுக்கப்பட்டபோதே அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் காய்கறிகளும், வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் விளையும் சிறுதானியமும் என்று பேசப்பட்டது. அந்தச் சொற்களுக்கு ஒரு கொள்முதல் முறையை உருவாக்குவதே எஞ்சியுள்ள வேலை. எல்லாம் ஒரே வாசல் வழியாக வருவதன் ஆபத்தையும் நாம் கண்டோம். 2020 மே மாதத்தில் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, இங்கே காய்கறி விலை ஏறிய அதே நாட்களில் அங்கே வயலில் விளைச்சல் வீணானது.

மாநகராட்சி தானே வாங்குவதோடு, உழவர் விற்கவும் இடம் தரலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இடைத்தரகர் இல்லாமல் விற்க முடியும் என்பதை மெய்ப்பித்தது. நெரிசல் மிகுந்த நகருக்குள் அதற்கு நிரந்தர நிலம் தேடுவது கடினம். ஆனால் மாநகராட்சி விளையாட்டுத் திடல்களும் பள்ளி வளாகங்களும் ஞாயிறு காலையில் காலியாகத்தான் கிடக்கின்றன. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு முத்திரையிட்ட தராசு, வண்டி நிறுத்த இடம்: இவ்வளவே வேண்டும்.

தொடங்குவதற்கு நகரம் முழுவதும் வேண்டாம். திருவள்ளூரை ஒட்டிய மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களின் பள்ளிகளுக்குத் தை முதல் ஆனி வரை கீரையை மட்டும் நேரடியாக வாங்கிப் பார்க்கலாம். விலை, வந்த சரக்கின் அளவு, பணம் சேர்ந்த நாள் மூன்றையும் மாதந்தோறும் வெளியிடலாம். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டுகளில் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கே நாம் சாலை, குப்பை, குடிநீர் பற்றிக் கேட்கிறோம். மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், தம் பிள்ளையின் தட்டில் விழும் கீரை எந்த ஊரிலிருந்து வருகிறது, அதை விளைவித்தவருக்கு என்ன விலை கிடைத்தது என்ற கேள்வியையும் அடுத்த கூட்டத்தில் எழுப்பி, அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.