லயன்ஃபிஷ் குத்தினால் சுடுதண்ணீர், பாறைக்கு மட்டும் வேண்டாம்

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, வீட்டில் நான்கடி உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு லயன்ஃபிஷ், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு கார்ப்பெட் அனிமோன், ஒரு ஜோடி க்ளவுன் மீன். லயன்ஃபிஷ் குத்தினால் ஐஸ் வை என்கிறார் கடைக்காரர், சுடுதண்ணீரில் கையை வை என்கிறான் நண்பன். எது சரி? கையுறை போட்டால் போதுமா? அப்புறம், பாறை முழுக்க ஐப்டேசியா என்ற களை அனிமோனும் பட்டன் மாதிரி ஏதோ ஒன்றும் பரவிவிட்டது. பாறையை எடுத்து வேகவைத்தால் எல்லாம் ஒழிந்துவிடுமா?"

தம்பி, நீங்கள் பயப்படுவது லயன்ஃபிஷ்ஷுக்கு. எனக்குப் பயம் வந்தது அந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான். அந்தப் பாறையை வேகவைக்காதீர்கள். வீடியோவைப் பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது கேட்டுவிட்டுப் போங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மீன்.

லயன்ஃபிஷ்ஷுக்கு முதுகில் 13 முட்கள், வயிற்றுத் துடுப்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக 2, வாலுக்கு முன்னால் அடியில் இருக்கும் துடுப்பில் 3. இந்த 18 முட்களில்தான் விஷம். பக்கவாட்டில் அகலமாக விரிந்து பார்க்கிறவர்களை மிரட்டுகிறதே, அந்தப் பெரிய துடுப்பில் விஷம் கிடையாது. ஒவ்வொரு முள்ளிலும் நீளவாக்கில் பள்ளம் இருக்கும், அதில் விஷச் சுரப்பி படுத்திருக்கும், மேலே மெல்லிய தோலுறை. முள் நம் கையில் ஏறும்போது அந்த உறை கீழே ஒதுங்கி, சுரப்பி நசுங்கி, விஷம் காயத்துக்குள் போகிறது. பாம்பு மாதிரி விஷத்தைப் பீய்ச்சுவதற்கான தசை அதற்கு இல்லை. நம் கை அழுத்துகிற வேகத்தில்தான் விஷமே ஏறுகிறது. அதனால் செத்துக் கிடக்கிற லயன்ஃபிஷ்ஷையும் வெறும் கையால் எடுக்கக் கூடாது.

அது நம்மைத் துரத்தி வந்து குத்தும் மீனும் இல்லை. நெருக்கினால் தலையைத் தாழ்த்தி, முதுகு முட்களை நம் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். வீட்டுத் தொட்டியில் குத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேலையாகக் கை விட்டவர்கள். கண்ணாடியில் பாசி சுரண்டும்போது, பம்பைக் கழற்றும்போது, மீனை மூலையில் ஒதுக்கி வலை போடும்போது. கையால் தீனி கொடுத்துப் பழக்கியிருந்தால் இன்னும் மோசம். கை தெரிந்தாலே சாப்பாடு என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். தீனியை நீளமான இடுக்கியில் கொடுங்கள். கையை விடுவதற்கு முன்னால் மீன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, சுத்தம் செய்யும் நேரத்தில் மீனை ஒரு பக்கமாகத் தடுத்துவிட்டால் நிம்மதி. வலை வேண்டவே வேண்டாம், முள் சிக்கிக்கொள்ளும், அதை விடுவிக்கப் போய்த்தான் குத்து வாங்குவீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு சேர்த்துப் பிடியுங்கள். கடையில் பையில் போட்டுத் தந்தால் இரண்டு மூன்று பை கேட்டு வாங்குங்கள், முள் பாலிதீனை ஓட்டை போட்டுவிடும், மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, குத்திவிட்டது. உங்கள் நண்பன் சொன்னதுதான் சரி, சுடுதண்ணீர். லயன்ஃபிஷ் விஷம் பெரும்பாலும் புரதம். சூடு பட்டால் அது சிதையும், வலியும் இறங்கும். ஐஸால் அந்த விஷத்துக்கு ஒன்றும் ஆகாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, வீங்கினால் ஐஸ் என்பது நமக்கெல்லாம் பழகிப்போன கைவைத்தியம்.

ஆனால் சுடுதண்ணீர் என்றால் கொதிக்கிற தண்ணீர் இல்லை. சுமார் 45 டிகிரி செல்சியஸ், அதைத் தாண்டக் கூடாது. கை பொறுக்கிற சூடு, அவ்வளவுதான். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துப் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வலி குறைகிறதே என்று ஹீட்டர் தண்ணீரில் அமுக்கி வைத்து, விஷத்தைவிடத் தீக்காயத்துக்கு மருத்துவம் பார்க்க வேண்டிய நிலைமை வரும். முள் துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் முதலில் இடுக்கியால் எடுத்துவிட்டு, 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை கையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். ஆற ஆறத் தண்ணீரை மாற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வலி திரும்பினால் மறுபடியும் வைக்கலாம். கயிறு கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், தலை சுற்றி மயக்கம் வந்தால் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனை. அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் முள் உள்ளே முறிந்திருக்கிறதா என்று காட்டிவிட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். வலி பயங்கரமாக இருக்கும், சில மணி நேரம் துடிக்க வைக்கும், வீக்கம் சில நாள் நிற்கும். ஆனால் லயன்ஃபிஷ் குத்தி ஆள் போவது அரிதிலும் அரிது. ஸ்டோன்ஃபிஷ் இதற்கு உறவுக்கார மீன்தான், அது வேறு ரகம். அதன் குத்துக்கு ஆஸ்திரேலியாவில் தனியாக விஷமுறிவு மருந்தே தயாரிக்கிறார்கள். அதை வீட்டில் வளர்க்கிறேன் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம், என் பதில் ஒரே சொல்தான்.

ஃபாக்ஸ்ஃபேஸைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, யாருமே கேட்பதில்லை. மஞ்சளாக, சாதுவாக, பாசி தின்றுகொண்டு திரியும். நம் கடற்கரையில் ஓரா என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். ஓராவை வலையிலிருந்து எடுக்கும் மீனவர்களுக்கு அதன் முள் எப்படிக் கடுக்கும் என்று தெரியும். இதற்கும் முதுகு, வயிறு, அடித்துடுப்பு எல்லாவற்றிலும் விஷ முள் உண்டு. இரவில் விளக்கை அணைத்ததும் நிறம் மங்கி, திட்டுத் திட்டாகிப் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் விழுந்த ஹீட்டரை எடுக்கிறேன் என்று கையை விட்டால் அதன் மேலேயே வைப்பீர்கள். முதலுதவி அதே சுடுதண்ணீர்தான். வரிக் கெளுத்திக் குஞ்சுகளைக் கூட்டமாக அழகாக இருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்கும் இதே பாடம். அதன் முதுகு முள்ளும் பக்கத்து முட்களும் விஷ முட்கள்.

கையுறை போதுமா என்றால், எதற்கு என்று கேட்பேன். மருத்துவக் கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறையை லயன்ஃபிஷ் முள் பொருட்படுத்தாது. ஆனால் பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் விலங்கான அனிமோனுக்கு அது நன்றாகவே உதவும். முழங்கை வரை நீளமாக இருந்தால் இன்னும் நல்லது.

அனிமோன் குத்துவது முற்றிலும் வேறு விதம். அதன் உணர்கொம்புகளில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த ஒரு நூல். தொட்டதும் அது வெடித்து வெளியே பாயும், உயிரினங்களின் அசைவுகளில் மிக வேகமானவற்றில் இது ஒன்று. கடலில் சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டால் எரிவதும் இதே ஏற்பாட்டால்தான். கார்ப்பெட் அனிமோனைத் தொட்டால் விரலில் பசை மாதிரி ஒட்டுகிறதே, அது உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கைத் தோல் தடிமன், அதனால் பலருக்கு ஒன்றும் தெரியாது. "எனக்கு அனிமோன் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் தெரியும். முழங்கையின் உட்பக்கம் பட்டாலும் தடித்துச் சிவந்துவிடும். பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத செல்களை இரண்டுமே வெடிக்க வைக்கும். தொட்டிக்குக் கலந்து வைத்த உப்புத் தண்ணீரால் அலசி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுங்கள். அதற்குப் பிறகும் எரிச்சல் தொடர்ந்தால் இங்கேயும் சூடான தண்ணீர் உதவும். முதல் முறை சும்மா இருந்த உடம்பு மூன்றாவது முறை ஒவ்வாமையில் பொங்கலாம், அதை மட்டும் நினைவில் வையுங்கள். சிறுநீர் ஊற்றச் சொல்லி யாராவது வீட்டில் கிளம்பினால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

இப்போது அந்தப் பாறை. பட்டன் மாதிரி பரவியிருக்கிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் ஜோவா அல்லது பாலி என்று நாம் சொல்லும், பவளத்துக்கு உறவான வகையாக இருக்கும். இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலிதோவா இனங்களில், பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஹவாயின் மாவி தீவில் ஒரு கடற்கரைக் குட்டையில் வளர்ந்த பாலிதோவாவிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள், 1971இல் அறிவியல் இதழில் வந்தது. அந்த உயிரை ஈட்டி முனையில் தடவினால் ஆள் பிழைக்கமாட்டான் என்று அந்தத் தீவு மக்களிடம் முன்பே கதை இருந்தது. நம் செல்கள் ஒவ்வொன்றிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று இருக்கிறது. பாலிடாக்சின் அதில் போய் ஒட்டிக்கொண்டு, மூடவிடாமல் கதவிடுக்கில் காலை வைத்தது மாதிரி அதைத் திறந்தே வைத்துவிடும். தசை, இதயம் எல்லாம் அந்தப் பம்பை நம்பி ஓடுகிறவை. மாற்று மருந்து கிடையாது.

லயன்ஃபிஷ் விஷத்தைச் சிதைக்கிற சூடு பாலிடாக்சினை ஒன்றும் செய்வதில்லை. பாறையைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால், ஆவியோடு தெறிக்கும் நுண்துளிகளில் நஞ்சு ஏறி அறை முழுக்கப் பரவும். ஒருவர் வேகவைப்பார், பக்கத்து அறையில் தூங்குகிறவருக்கும் காய்ச்சல், குளிர், இருமல், நெஞ்சு இறுக்கம், வாயில் ஒரு கசப்பு அல்லது உலோகச் சுவை. ஏதோ வைரஸ் காய்ச்சல் என்றே எல்லாரும் நினைப்பார்கள். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஸ்டீவன்டன் என்ற ஊரில், தொட்டியிலிருந்து பவளம் எடுத்துச் சுத்தம் செய்த வீட்டில் குடும்பத்தோடு சேர்த்து உதவிக்கு வந்த தீயணைப்புக்காரர்களும் மருத்துவமனைக்குப் போனார்கள். அலாஸ்காவின் ஆங்கரேஜிலும் தொட்டிப் பவளத்தால் இப்படிப் பாதிப்பு நடந்து, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் அதை எழுதி வெளியிட்டது. கொதிக்க வைப்பது மட்டுமில்லை, காய்ந்த பாறையைக் கம்பி பிரஷால் தேய்ப்பது, டிரில் போடுவது, உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவது எல்லாமே ஆபத்து. ஒரு துளி கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகிப் பார்வைக்கே சிக்கல் வந்திருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? ஐப்டேசியாவுக்குப் பாறையை எடுக்கவே தேவையில்லை. கால்க்வாசர் என்ற சுண்ணாம்புப் பொடியைக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒவ்வொன்றின் வாயிலும் வையுங்கள். பெப்பர்மின்ட் இறால் விடுவதும் வழிதான், ஆனால் உங்கள் லயன்ஃபிஷ் அந்த இறாலை ஒரு வேளைச் சாப்பாடாக முடித்துவிடும். பட்டன்களை எடுத்தே ஆக வேண்டும் என்றால் நீளக் கையுறை, கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி இரண்டும் போட்டு, கையில் வெட்டுக்காயம் இல்லாத நாளாகப் பார்த்து, பாறை தண்ணீருக்குள் இருக்கும்போதே கத்தியால் நெம்பி எடுங்கள். அதற்கான தண்ணீரைத் தனி வாளியில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டியில் செய்யாதீர்கள். எடுத்தவற்றையும் கருவிகளையும் ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டுக் கொட்டுங்கள். பிளீச் இந்த நஞ்சை அழிக்கும். வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிளீச்சோடு வினிகரையோ ஆசிட்டையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சமையல் பாத்திரம் இந்த வேலைக்கு ஆகாது. பாறையே வேண்டாம் என்று முடிவு செய்தால் அப்படியே பிளீச்சில் போட்டுவிடுங்கள்.

புதிய பாறை கடலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தொட்டிப் பாறை பெரும்பாலும் பவளம் கட்டியதுதான், பாறை கட்டும் பவளங்கள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ராமேஸ்வரம் போய் வரும்போது காரில் போட்டுக்கொண்டு வருகிற பொருள் இல்லை அது.

காயத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. முள் குத்தியதோ பாறை கீறியதோ ஆறிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள், சில வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத சிவந்த கட்டி ஒன்று வந்து, மெதுவாகக் கையில் மேலே ஏறலாம். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி அது, காசநோய்க் கிருமிக்கு உறவு. சாதாரணக் களிம்பில் போகாது, மாதக்கணக்கில் மாத்திரை வேண்டியிருக்கும். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்குக் கடல்நீர்க் கிருமிகளில் இன்னும் வேகமானவையும் இருக்கின்றன, ஒரே நாளில் கை வீங்கிக் கறுத்தால் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போனால் வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள், அவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

அப்புறம் தம்பி, கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லயன்ஃபிஷ் இன்னும் சின்னதாக இருக்கிறது போலத் தெரிகிறது. ஓரடியைத் தாண்டி வளரும், வாய்க்குள் அடங்குகிற எதையும் விடாது. க்ளவுன் ஜோடிக்கு இப்போதே வேறு தொட்டி பாருங்கள்.