ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர்

[திரையில்: பாடப்புத்தகங்களில் வருவது போன்ற படம். பெரிய நீல உருண்டையாகப் பூமி, ஒட்டினாற்போல் நிலா.]

இந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூமி, பக்கத்திலேயே நிலா. வரைந்தவர் மேல் தப்பில்லை, சரியான அளவில் வரைந்தால் பக்கத்துக்குள் அடங்காது. ஆனால் இதையே பார்த்துப் பார்த்து, நிலா எங்கோ இங்கேதான் இருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டது.

[பூமி சிறிய வட்டமாகச் சுருங்குகிறது. நிலா வலப்பக்கம் நகர்கிறது. நிற்காமல் நகர்கிறது.]

பூமியின் விட்டம் 12,742 கி.மீ. நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி. நடுவில் ஏறக்குறைய முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம்.

முப்பது பூமி என்றால் எவ்வளவு என்று பிடிபடவில்லையா? புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன், ஏழையும் ஒன்றை ஒன்று தொடும்படி நிறுத்துங்கள். விட்டங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 3,80,000 கி.மீ. வியாழனும் சனியும் மட்டுமே அதில் இரண்டரை லட்சத்தைத் தின்றுவிடுகின்றன. இருந்தும், நிலா தன் பாதையில் மிகத் தள்ளி இருக்கும் சமயத்தில், ஏழும் பூமிக்கும் நிலாவுக்கும் நடுவில் அடங்கிவிடும். சனியின் வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வானியல் தூரங்களைப் பேசும்போது எல்லோரும் எண்ணை நீட்டிக்கொண்டே போவார்கள். லட்சம், கோடி, லட்சம் கோடி. ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாமே "ரொம்ப தூரம்" என்றுதான் காதில் விழும். எண் எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிடுவோம். ஒரு பொருளின் அளவைப் போல எத்தனை மடங்கு தள்ளி அடுத்த பொருள் இருக்கிறது? இந்த வீடியோ முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

[திரையில்: ஒரு அளவுகோல். 1 செ.மீ. = 1,00,000 கி.மீ.]

சரி, ஒரு மாதிரி செய்வோம். ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்குகிறோம். கணக்குப் போட வசதியான அளவு, அதனால்தான் இதை எடுத்தேன்.

இந்த அளவில் சூரியன் 14 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு உருண்டை. பூமி? ஒன்றே கால் மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவை ஒரு தாளில் அழுத்தி எடுத்தால் விழும் புள்ளி. நிலாவைப் புள்ளி என்றுகூடச் சொல்ல முடியாது, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் துணுக்கு, பூமிப் புள்ளியிலிருந்து நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருக்கிறது. மனிதர்கள் நேரில் போய்வந்த அதிகபட்ச தூரமே அவ்வளவுதான்.

[கேமரா பூமிப் புள்ளியிலிருந்து பின்னோக்கி நகர்கிறது.]

சூரியனுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையில் 15 மீட்டர். நிஜத்தில் 14.96 கோடி கி.மீ. இதைத்தான் ஒரு வானியல் அலகு என்கிறோம். 2012-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதன் மதிப்பை மீட்டர் சுத்தமாக நிர்ணயித்துவிட்டது: 149,59,78,70,700 மீட்டர்.

இப்போது இந்த மாதிரிக்குள் ஒளியை ஓடவிடுவோம். பிரபஞ்சத்தில் அதைவிட வேகமாக எதுவும் போக முடியாது, நொடிக்கு 2,99,792 கி.மீ. நம் அளவில் அது நொடிக்கு மூன்று சென்டிமீட்டர். தரையில் ஊர்ந்து போகிற வேகம்! நிலாவைத் தொட ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல். மனிதர்கள் நிலாவுக்குப் போன அப்போலோ பயணங்களின்போது பூமியிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் வர இரண்டரை நொடிக்கு மேல் ஆனதற்குக் காரணம் இதுதான், போகவும் வரவும் வேண்டுமே. சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளி அந்த 15 மீட்டரை ஊர்ந்து கடக்க 8 நிமிடம் 19 நொடி.

செவ்வாய் கொஞ்சம் தொந்தரவு பிடித்த கிரகம், ஒரு இடத்தில் நிற்காது. அதுவும் பூமியும் வேறு வேறு வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் நம் மாதிரியில் ஆறு மீட்டருக்குள்ளும் வரும், 40 மீட்டருக்கும் போகும். ஒளிக்கு மூன்று நிமிடமும் ஆகலாம், இருபத்திரண்டு நிமிடமும் ஆகலாம். அங்கே ஓடும் ரோவர் வண்டியை இங்கே உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங் பிடித்து ஓட்ட முடியாது. "பள்ளம், நிறுத்து" என்று சொல்வதற்குள் அது விழுந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அதனால் பாறையையும் பள்ளத்தையும் வண்டியே பார்த்து விலகிப் போகும்படி செய்து அனுப்புகிறார்கள்.

வியாழன் 78 மீட்டரில், ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். நெப்டியூன் 450 மீட்டரில், அரை சென்டிமீட்டர்.

[திரையில்: முழு மாதிரியும் மேலிருந்து. பொருள்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.]

அரை கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் 14 செ.மீ. உருண்டை ஒன்று, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக இரண்டு, அரை சென்டிமீட்டரில் இரண்டு, மீதி எல்லாம் பேனாப் புள்ளிகள். சூரியக் குடும்பம் என்பது இவ்வளவுதான். படம் காலியாகத் தெரிகிறதே என்று கமென்ட் போட வேண்டாம், வரைந்திருப்பது சரியான அளவில்.

1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. மனிதன் செய்த பொருள்களில் அதிக தூரம் போயிருப்பது அதுதான், 2,500 கோடி கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நம் மாதிரியில் இரண்டரை கிலோமீட்டர்.

அடுத்த விண்மீன் எங்கே? பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல. ஒளி ஓர் ஆண்டில் போகும் 9.46 லட்சம் கோடி கி.மீ. மாதிரிக்கு மாற்றினால் ஒரு ஒளியாண்டு 946 கி.மீ. அப்படியென்றால் பிராக்ஸிமா 4,000 கி.மீ. தள்ளி.

மீட்டர் இல்லை, கிலோமீட்டர்தான். நிஜமான பூமியின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு தூரம் போனால் அடுத்த உருண்டை, அதுவும் நம் சூரியனைவிடச் சிறியது. வாயேஜர் அந்தத் திசையில் போகவில்லை. போயிருந்தாலும், இதே வேகத்தில் 75,000 ஆண்டுகள் ஆகும்.

[திரையில்: கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திய ஒருவர்.]

இதையெல்லாம் டேப் வைத்து அளந்தார்களா என்ன? ஒரு விரல் போதும். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் அடுத்த கண்ணால் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரை வைத்துப் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதிகமாகத் தாவும், தள்ளிப் போனால் குறைவாக. எவ்வளவு தாவுகிறது என்று தெரிந்தால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர்.

விண்மீன்களுக்கு நம் இரு கண் இடைவெளி போதாது. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது. இன்று ஒரு படம், ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுத்தால், இரண்டு கண்களுக்கும் இடையில் 30 கோடி கி.மீ. இருப்பதுபோல ஆகிவிடும். அருகில் உள்ள விண்மீன், பின்னணியில் உள்ளவற்றை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து தெரிய வேண்டும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? மாதிரியில் பாருங்கள்: 30 மீட்டர் இடைவெளியில் இருந்துகொண்டு 4,000 கி.மீ. தள்ளி இருப்பதைப் பார்க்கிறோம். அந்த நகர்வு, 1.3 கி.மீ. தொலைவில் ஒரு சென்டிமீட்டர் பொருளைப் பார்ப்பதற்குச் சமம். மிக அருகில் உள்ள விண்மீனுக்கே இந்த நிலை. பூமி சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் 1543-இல் எழுதியபோது, "அப்படியானால் விண்மீன்கள் ஏன் நகர்ந்து தெரியவில்லை?" என்ற கேள்வி எழுந்தது. டைக்கோ பிராஹே போன்ற தேர்ந்த வானியலாளரே பூமி நகர்வதை ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். கேள்வி நியாயமானது. விண்மீன்கள் அவ்வளவு தள்ளி இருக்கும் என்று யாராலும் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். 1838-இல் ஃபிரெட்ரிக் பெஸ்ஸல் 61 சிக்னி என்ற விண்மீனின் நகர்வை அளந்தார். அவர் சொன்ன தூரம் இன்றைய அளவோடு பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் இதே முறையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்திருக்கிறது.

அதற்கும் அப்பால் போனால் நகர்வு ஒன்றும் தெரியாது. அங்கே கைகொடுத்தவை செஃபீட் விண்மீன்கள். இவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். மெதுவாகத் துடிப்பது உண்மையில் அதிகப் பிரகாசமானது என்ற தொடர்பை ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் வெளியிட்டார். உண்மைப் பிரகாசமும் தெரியும், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதும் தெரியும், பிறகு தூரம் தானாக வந்துவிடும். 1923-இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு செஃபீடைக் கண்டுபிடித்ததும், ஆண்ட்ரோமீடா, நம் சூரியன் இருக்கும் விண்மீன் கூட்டமான பால்வழிக்கு வெளியே இருக்கும் இன்னொரு விண்மீன் கூட்டம், அதாவது இன்னொரு கேலக்ஸி என்று தெரிந்துபோனது.

[திரையில்: பழைய அளவுகோல் மறைகிறது. புதியது: பால்வழி = 1 மீட்டர்.]

இங்கே நம் பழைய மாதிரி கையைவிட்டுவிடும், அதில் பால்வழியே ஒன்பது கோடி கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆகவே புதிய அளவு. ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள பால்வழியை ஒரு மீட்டர் தட்டாக்குவோம். 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஆண்ட்ரோமீடா எங்கே வரும்? வெறும் 25 மீட்டரில்.

நம் கேள்வியை இப்போது கேட்டுப் பாருங்கள். எத்தனை மடங்கு? பூமியிலிருந்து நிலா, 30 பூமி. பால்வழியிலிருந்து ஆண்ட்ரோமீடா, 25 பால்வழி. சூரியனிலிருந்து அடுத்த விண்மீன்? கிட்டத்தட்ட 2 கோடியே 90 லட்சம் சூரியன்.

அதாவது கேலக்ஸிகள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன, உள்ளே இருக்கும் விண்மீன்கள்தான் ஆளுக்கொரு மூலை. அதனால் கேலக்ஸிகள் மோதிக்கொள்வது வானில் சகஜம். ஆன்டெனா கேலக்ஸிகள் என்று அழைக்கப்படும் ஜோடி இப்போது மோதிக்கொண்டிருக்கிறது. வாயு மேகங்கள் முட்டி, புது விண்மீன்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கின்றன. ஆனால் ஒரு விண்மீன் இன்னொன்றின் மேல் இடிப்பது அநேகமாக நடக்காது. 14 செ.மீ. உருண்டைகள், 4,000 கி.மீ. இடைவெளி, எப்படி இடிக்கும்?

ஒளி நம்மை வந்தடைந்திருக்கும் எல்லைவரை உள்ள பிரபஞ்சம் முழுவதும் இந்தப் புதிய அளவில் எவ்வளவு வரும் என்றும் பார்த்துவிடலாம். குறுக்களவு 9,300 கோடி ஒளியாண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதானே, எப்படி இவ்வளவு என்றால், ஒளி வந்துகொண்டிருந்த வேளையில் வெளியும் விரிந்துகொண்டே போனது. ஒரு மீட்டர் தட்டுகள் நிறைந்த அந்த மொத்தப் பரப்பின் அகலம் 930 கி.மீ. சூரியனை 14 செ.மீ. ஆக்கிய முதல் மாதிரியில் அதே 930 கி.மீ. போனால், ஒரு ஒளியாண்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்.