கமக்கட்டுக்குள் என்ன இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. இயன்மருத்துவராக வேலை செய்வதால் தோள் நோவு என்று வருகிற பலரைப் பார்க்கிறேன். எல்லோரும் தொட்டுக் காட்டுவது தோளின் மேல்பக்கத்தைத்தான். கீழ்ப்பக்கம், அதாவது கமக்கட்டு, யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. என்னைக் கேட்டால், தோளை விளங்கிக்கொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்தருளுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பா பாடிக் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது, கமக்கட்டுக்குப் பின்னால் தடித்த தசையொன்று புடைத்து எழும்பும். அது இடுப்புக்குக் கிட்டே முதுகில் தொடங்கி, மேற்கை எலும்பில் வந்து ஒட்டுகிற தசை. கை இழுப்பதாகத் தெரிந்தாலும், வலையைக் கரைக்குக் கொண்டுவருவதில் முதுகுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது வலது கையைத் தளரத் தொங்கவிட்டு, இடது கை விரல்களை வலக் கமக்கட்டுக்குள் விடுங்கள். பெருவிரல் வெளியே நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது பெரிய நெஞ்சுத்தசை, அதுதான் முன்சுவர். பின்சுவரில் நான் சொன்ன முதுகுத்தசை. உள்பக்கம் விலா எலும்புகள், வெளிப்பக்கம் மேற்கை எலும்பு. அந்த எலும்போடு சேர்த்து விரலை மெதுவாக அழுத்திப் பாருங்கள், நாடி துடிக்கும். கை முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோகும் நாடி அது. அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, கழுத்திலிருந்து ஐந்து வேர்களாக இறங்கிவரும் நரம்புகள். பக்கத்தில் இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய நாளம் ஒன்று, கிருமிகளை வடிகட்டுகிற சின்னச் சின்ன நிணநீர்க் கணுக்கள், இடையெல்லாம் கொழுப்பு. கைக்குப் போகிற முக்கியமான எல்லாமே இந்த ஒரு வழியால்தான் போகின்றன.

சரி, மூட்டுக்கு வருவோம். தோட்பட்டை எலும்பில் இருக்கிற குழி ஆழமில்லாதது. மேற்கை எலும்பின் தலையோ உருண்டு பெருத்தது. பீரிசில் தோடம்பழத்தை வைத்த மாதிரித்தான். ஒரு நேரத்தில் அந்தத் தலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குழியில் பொருந்தும். விழாமல் பிடித்திருப்பவை நான்கு சிறிய தசைகள்: முன்னால் ஒன்று, மேலே ஒன்று, பின்னால் இரண்டு. கீழே, கமக்கட்டுப் பக்கம், ஒன்றுமில்லை. மூட்டைச் சுற்றிய உறையும் அங்கே மடிந்து தொங்கிக்கொண்டிருக்கும். அந்த மடிப்பு விரிவதால்தான் கோணேசர் சந்நிதியில் தலைக்கு மேலே கைகூப்ப முடிகிறது. அப்படி 180 பாகை உயர்த்துவதில் ஏறக்குறைய 120 பாகை இந்த மூட்டிலிருந்தும், மிச்சம் 60 தோட்பட்டை எலும்பு முதுகில் சுழல்வதாலும் வருகின்றன.

இந்தத் தாராளத்துக்கு விலை உண்டு. கையை உயர்த்திப் பின்னுக்கு வளைத்த நேரத்தில் விழுந்தாலோ, யாராவது இழுத்தாலோ, எலும்பின் தலை முன்னும் கீழுமாக நழுவிக் கமக்கட்டுப் பக்கம் வந்துவிடும். தோள் விலகல்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். தோளின் உருண்டை வடிவம் தட்டையாகிப்போகும். அந்த மூட்டுக்குக் கீழே வளைந்து போகிற நரம்பு நசுங்கினால், தடுப்பூசி போடுகிற இடத்தில் தோல் மரத்துவிடும். கமக்கட்டில் குதிக்காலை ஊன்றிக் கையை இழுக்கும் முறை கிரேக்க வைத்தியர் இப்போகிரற்றீசு காலத்திலேயே, 2000 வருடத்துக்கும் முன்பே இருந்தது. அதற்காக மைதானத்தில் நிற்கிற கூட்டாளி அதைச் செய்து பார்க்கக்கூடாது. எலும்பு உடைந்திருக்கலாம், வயதானவர்களுக்கு நாடியே கிழியலாம். கையைத் துணியால் தூக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தொங்குகிற அதே மடிப்பு சுருங்கி இறுகிப்போவதும் உண்டு. அதைத்தான் உறைந்த தோள் என்கிறோம். 40 முதல் 60 வயதுக்குள் கூடுதலாக வரும், சீனி வருத்தக்காரருக்கு இன்னும் கூடுதலாக. கொண்டை போட முடியாது, சட்டைக் கைக்குள் கையை விட முடியாது. ஒன்று முதல் மூன்று வருடம் வரை இழுத்தடிக்கும். பொறுமை இல்லாமல் பலர் நடுவிலேயே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம் வரும்.

நரம்புக்குக் கேடு வேறு வழிகளிலும் வரும். மரத்திலிருந்து வழுக்கும்போது ஒற்றைக் கையால் கிளையைப் பிடித்துத் தொங்கினால், கீழ்வேர்கள் இழுபட்டு விரல்கள் பலமிழக்கலாம். ஊன்றுகோலில் கமக்கட்டைச் சாய்த்து நடப்பதும் ஆபத்து. நரம்பு அழுந்தி மணிக்கட்டு தொங்கிவிடும். ஊன்றுகோலின் மேல்நுனிக்கும் கமக்கட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தைக் கை தாங்கட்டும்.

கடைசியாக நிணநீர்க் கணுக்கள். விரலில் கெளிறு முள் குத்திப் பழுத்தால் கமக்கட்டில் நெறி கட்டும். அது நோகும், புண் ஆறியதும் அநேகமாக வற்றிவிடும். நோவில்லாமல், கெட்டியாக, நாளாகியும் வற்றாமல் இருக்கிற கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். மார்பின் நிணநீரில் முக்கால் பங்கு இந்தக் கணுக்களுக்கே வடிவதால், மார்புப் புற்றுநோய் முதலில் பரவுகிற இடம் பெரும்பாலும் இதுதான். தடவிப் பார்க்கும்போது கையை உயர்த்த வேண்டாம், தோல் இறுகிக் கட்டி அகப்படாது. கையைத் தளர்த்தி, விரல்களை மேலே கொண்டுபோய், விலாவோடு அழுத்திக் கீழே இறக்குங்கள். 35 வயது தாண்டிய பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகலாம். மார்பையும் அங்கே பார்ப்பார்கள், காசு எடுக்கமாட்டார்கள்.